மூளையில் பிறந்ததும் மூளைக்கு வந்ததும்

நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமா மூளையை இரண்டு விதமாகப் பிடிக்கிறது. ஒன்று, மூளையிலேயே தோன்றுவது. கழுத்து, மார்பு, வயிறு என்று உடம்பெங்கும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலும் வேறு கட்டி அகப்படாது. மற்றொன்று, உடம்பில் வேறெங்கோ தொடங்கி மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வந்து சேர்வது. அது முதல் நாளிலேயே மூளையிலும் இருக்கலாம், சிகிச்சை நடக்கும்போது தலைகாட்டலாம், எல்லாம் முடிந்து வீடு திரும்பிய பிறகும் வரலாம்.

நுண்ணோக்கியில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே முகம்தான்: பெரிய பி-செல் லிம்போமா. மருந்துப் பட்டியலிலும் பாதிக்கு மேல் பொதுவானவை. ஆனால் முடிவுகள் ஒன்றாக இல்லை. மூளையில் பிறந்த நோயில் கணிசமானவர்கள் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். மூளைக்குப் பரவிய நோயில், பழைய சிகிச்சைகளின் காலத்தில், பாதிப் பேர் ஆறு மாதம்கூடத் தாண்டவில்லை. பிறந்த இடத்தால் வரும் வேறுபாடா இது? ஆய்வு முடிவுகளை எதிரெதிரே வைத்துப் பார்த்தால், வேறுபாட்டின் பெரும்பகுதி வேறோர் இடத்தில் இருப்பது தெரிகிறது.

கண்டுபிடிக்கும் சிக்கல்

மூளையில் பிறந்த நோய்க்கு முன்கதை கிடையாது. நன்றாக இருந்த மனிதர் கணக்கில் தப்பு விடுகிறார், கேட்டதையே திரும்பக் கேட்கிறார், ஒரு பக்கம் கை கால் தளர்கிறது. வீட்டார் வயதானதால் வந்த மறதி என்றோ மனக்கவலை என்றோ எண்ணிக்கொள்கிறார்கள். எம்.ஆர்.ஐ.யில் கட்டி தெரிந்த பிறகும் சந்தேகம் தீருவதில்லை. காசநோய்க் கட்டியும் நாடாப்புழு முட்டையால் வரும் மூளை நீர்க்கட்டியும் நம் நாட்டில் அபூர்வமல்ல. தலைவலியும் வீக்கமும் குறையட்டும் என்று டெக்சாமெத்தசோன் ஊசி போட்டுவிடுவார்கள். லிம்போமா செல்கள் ஸ்டீராய்டுக்குச் செத்து விழுபவை என்பதால் சில நாளில் கட்டி சுருங்கிவிடும், சில சமயம் படத்திலிருந்தே மறைந்துவிடும். நோயாளி எழுந்து நடப்பார், எல்லோருக்கும் நிம்மதி. பிறகு பயாப்ஸி எடுத்தால் செத்த திசுதான் வரும், பெயர் சொல்ல முடியாது. சில வாரங்களிலோ மாதங்களிலோ கட்டி திரும்பி வரும். அதனால்தான், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதவரை பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு வேண்டாம் என்று நரம்பியல் மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள்.

பரவிய நோயில் பெயர் முன்பே தெரியும். ஆர்-சாப் என்ற ஐந்து மருந்துக் கூட்டுச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவருக்கு வாய் கோணுகிறது, பார்வை இரண்டாகத் தெரிகிறது, முகவாய் மரத்துப்போகிறது, கால் வலுவிழக்கிறது. அந்தக் கூட்டில் உள்ள வின்கிரிஸ்டினால் வந்த நரம்புத் தளர்ச்சி என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. முதல் வகையில் நோய் வேறொன்றின் வேஷம் போடுகிறது. இரண்டாவதில் மருந்தின் பக்கவிளைவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

ஒரே மருந்து, இரண்டு உடம்பு

ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு. ஆர்-சாப் மருந்துகளில் பெரும்பாலானவை அதைப் போதுமான அளவு கடப்பதில்லை. உடம்பில் நோய் முற்றிலும் கரைந்தவருக்கும் மூளையில் திரும்ப வருவது இதனால்தான். தடுப்பைக் கடக்க வைக்கும் வழிகளில் ஒன்று, அளவைக் கூட்டுவது. அதற்கு வாகாக அமைந்த மருந்து மெத்தோட்ரெக்சேட். ஆந்திரத்தின் பீமாவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் லெடர்லே ஆய்வகத்தில் உருவான ஃபோலிக் அமில எதிர்ப்பு மருந்துகளின் வரிசையில் வந்தது அது. 1948-இல் அவர் இறந்தார். இன்று இரண்டு வகை மூளை லிம்போமாவுக்கும் அந்த மருந்தே அடித்தளம்.

மூட்டுவாதக்காரர் இதே மருந்தை வாரத்துக்கு 10, 15 மில்லிகிராம் மாத்திரையாக விழுங்குகிறார். மூளை லிம்போமாவில் உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 3 கிராமுக்கும் மேல், சில மணி நேரத்தில், நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். அந்த நாட்களில் வார்டில் எல்லோருடைய கவனமும் சிறுநீர் மேல்தான். சிறுநீரில் அமிலம் கூடியிருந்தால் மருந்து படிகமாகிச் சிறுநீரகத்தை அடைத்துவிடும். ஆகவே சோடா பைகார்பனேட் கலந்த திரவம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவை சிறுநீர் கழித்ததும் செவிலியர் காகிதப் பட்டையை நனைத்து நிறம் பார்ப்பார், பி.எச். 7-க்கு மேல் காட்ட வேண்டும். 24 மணி நேரம் ஆனதும் நல்ல செல்களைக் காப்பாற்ற லூகோவோரின் தொடங்கும். ரத்தத்தில் மருந்தின் அளவு பாதுகாப்பான எல்லைக்கு இறங்கும்வரை அது நிற்காது. அந்த நாட்களில் மூட்டுவலிக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு வலி மாத்திரைகூட ஆபத்து.

இங்கேதான் இரண்டு நோயாளிகளும் பிரிகிறார்கள். மூளையில் பிறந்த நோய்க்காரருக்கு மற்ற உறுப்புகள் பெரும்பாலும் நலமாக இருக்கும். பரவிய நோய்க்காரருக்கு நுரையீரல் உறையிலோ வயிற்றிலோ நீர் கோத்திருக்கலாம், அந்த நீரில் மருந்து தேங்கி மெல்ல மெல்ல ரத்தத்துக்குத் திரும்பி நஞ்சாகும். சிறுநீரகத்தில் லிம்போமா இருந்தால் மூளைக்குப் பரவும் ஆபத்து கூடும். ஆனால் மெத்தோட்ரெக்சேட்டை வெளியேற்ற வேண்டியதும் அதே சிறுநீரகம்தான். அதோடு ஆறு சுற்று கீமோ முடித்தவர் என்றால், எலும்பு மஜ்ஜை ஏற்கெனவே களைத்திருக்கும்.

எண்கள் சொல்வது

மூளையில் பிறந்த நோய்க்குக் கதிர்வீச்சு மட்டும் கொடுத்த காலத்தில் வாழ்நாள் சராசரியாக ஓராண்டு அளவில் நின்றது. பிறகு ஐரோப்பியக் கூட்டு ஆய்வுகள் படிப்படியாக ஏணி போட்டன. 2009-இல் வெளியான ஆய்வில் மெத்தோட்ரெக்சேட் மட்டும் பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்குக் கட்டி முழுதும் கரைந்தது, சைட்டாரபினும் சேர்த்தபோது 46. 2016-இல் வந்த அடுத்த ஆய்வு இந்த இரண்டோடு ரிடுக்சிமாபும் தயோடெபாவும் சேர்த்தது. மேட்ரிக்ஸ் என்ற அந்தக் கூட்டில் முழுக் கரைவு 49 சதவீதம், ஏழாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 56 சதவீதம். அதே ஆய்வில் இரண்டு மருந்து மட்டும் பெற்றவர்களில் ஏழாண்டு தாண்டியவர்கள் 21 சதவீதம்தான். விலையும் உண்டு: அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் 6 சதவீதம் பேர் சிகிச்சையின் நஞ்சால் இறந்தார்கள்.

கரைந்த பிறகு அதை நிலைநிறுத்த முன்பு மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். பிரான்சில் நடந்த பிரெசிஸ் ஆய்வு அதை, நோயாளியின் சொந்த மூல செல்லைத் திருப்பிச் செலுத்தும் மாற்றுச் சிகிச்சையோடு ஒப்பிட்டது. வாழ்நாளில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கதிர்வீச்சு பெற்றவர்களில் 64 சதவீதத்தினருக்கு நினைவும் அறிவாற்றலும் கெட்டன, மூல செல் மாற்றுப் பெற்றவர்களில் 13 சதவீதத்தினருக்கு. இதனால் உடம்பு தாங்கக்கூடியவர்களுக்கு மூல செல் மாற்றே முதல் தேர்வாகிவிட்டது. அப்படி நிலைநிறுத்திய குழுவில் மூன்றாண்டுகள் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் 79 சதவீதம் என்று மற்றோர் ஐரோப்பிய ஆய்வு காட்டியது.

பரவிய நோய்க்கு இதே பாணியில் நடந்தது மரியெட்டா ஆய்வு, 2021-இல் வெளியானது. 75 பேருக்கு மேட்ரிக்ஸ் மூன்று சுற்று, உடம்பு நோய்க்காக வேறொரு கூட்டு மூன்று சுற்று, பிறகு மூல செல் மாற்று என்பது திட்டம். இரண்டாண்டு முடிவில் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் 46 சதவீதம். ஆறு மாத ஆயுள் என்று கைவிட்ட நோயில் இது பெரிய பாய்ச்சல், என்றாலும் மூளையில் பிறந்த நோயின் எண்களுக்குப் பக்கத்தில் வைத்தால் இறக்கம்தான்.

இந்த 46-ஐப் பிரித்துப் பார்த்தால் கதை மாறுகிறது. முதல் நாளிலேயே உடம்பிலும் மூளையிலும் நோய் இருந்து, எந்தச் சிகிச்சையும் பெறாதவர்களில் இரண்டாண்டு எண் 71. முன்பு சிகிச்சை பெற்று, மூளையில் மட்டும் திரும்பியவர்களில் 40. உடம்பிலும் மூளையிலும் ஒருசேரத் திரும்பியவர்களில் 14. மூன்று பிரிவும் மூளைக்குப் பரவிய நோய்தான். ஆனால் மருந்தின் முகத்தையே பார்க்காத நோய், மூளையில் பிறந்த நோயின் அருகில் வந்து நிற்கிறது. மருந்தை எதிர்த்துத் தப்பிய நோய் அதலபாதாளத்தில் கிடக்கிறது. ஆக உண்மையான கோடு, பிறந்த இடத்துக்கும் வந்த இடத்துக்கும் நடுவே இல்லை. கீமோவைப் பழகிய செல்லுக்கும் பழகாத செல்லுக்கும் நடுவே இருக்கிறது.

இன்னோர் எண்ணும் கவனத்துக்குரியது. மரியெட்டாவில் மூல செல் மாற்றுவரை போய்ச்சேர்ந்தவர்கள் 37 பேர், ஏறக்குறைய பாதி. அவர்களில் இரண்டாண்டு எண் 83. இதை அப்படியே மேலே சொன்ன 79-க்கு எதிரே வைத்து இரண்டும் சமம் என்று தீர்ப்பெழுதக் கூடாது. மாற்றுவரை வந்தவர்கள் என்றாலே மருந்துக்குப் பணிந்த நோய், தாங்கிய உடம்பு என்று சலித்தெடுக்கப்பட்டவர்கள். ஆனால் ஒன்று சொல்லலாம்: பரவிய நோயில் இழப்பு பெரிதும் நேர்வது மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு அல்ல, அதற்குப் போகும் வழியில்.

திரும்பி வரும் விதம்

மூளையில் பிறந்த நோய் திரும்பினால் பெரும்பாலும் மூளைக்குள்ளேயே திரும்பும், முன்பு இருந்த இடத்தை விட்டு வேறோர் இடத்தில். கண்ணின் உட்பகுதியிலும் தண்டுவட நீரிலும் வரலாம். உடம்பில் வருவது அபூர்வம். பெரும்பகுதி முதல் இரண்டாண்டில் நடக்கும், ஐந்தாண்டு கடந்தும் சிலருக்கு வருவதுண்டு. அதனால் கண்காணிப்பு என்றால் எம்.ஆர்.ஐ.யும் கண் பரிசோதனையும் நீண்ட காலத்துக்கு.

உடம்பு லிம்போமா மூளைக்கு வருவது பொதுவாக முதல் ஓராண்டுக்குள். இவ்வளவு சீக்கிரம் வருகிறது என்றால், முதல் நாளிலேயே கண்ணுக்குத் தெரியாத அளவில் அங்கே விதை விழுந்திருந்தது என்றுதான் கொள்ள வேண்டும். மூளையில் கரைந்தாலும் உடம்பில் முளைக்கலாம், உடம்பில் கரைந்தாலும் மூளையில் முளைக்கலாம். இரண்டு பக்கமும் காவல் காக்க வேண்டிய நோய் இது.

திரும்பிய பிறகு இரு வகைக்கும் கதவுகள் குறைவு. லெனலிடோமைடு, இப்ரூட்டினிப் ஆகியவை மூளைக்குள் நுழைகின்றன, கட்டியைக் குறைக்கின்றன, ஆனால் பலருக்குப் பலன் மாதக் கணக்கில்தான். நோயாளியின் டி-செல்களையே மாற்றியமைத்துத் திருப்பிச் செலுத்தும் கார்-டி செல் சிகிச்சையின் முதல் பெரிய ஆய்வுகள் சில, மூளையில் நோய் உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. பிறகு சேர்த்துப் பார்த்தபோது அங்கும் வேலை செய்வது தெரிந்தது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா மெமோரியலும் வளர்த்தெடுத்த நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. அதன் விலை வெளிநாட்டு விலையில் சிறு பங்குதான், என்றாலும் லட்சங்களில்தான்.

வருமுன் காக்க முடியுமா?

மூளையில் பிறக்கும் நோயை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. பரவும் நோயை ஓரளவு கணிக்கலாம். வயது, ரத்தத்தில் எல்.டி.எச். நொதியின் அளவு, நோயின் நிலை, நடமாட்டம், நிணநீர் முடிச்சுக்கு வெளியே எத்தனை உறுப்பு, சிறுநீரகம் அல்லது அட்ரினல் ஆகிய ஆறையும் கூட்டும் மதிப்பெண் 2016 முதல் புழக்கத்தில் உள்ளது. மதிப்பெண் குறைந்தவர்களுக்கு இரண்டாண்டில் ஆபத்து 1 சதவீதத்துக்கும் கீழ், கூடியவர்களுக்கு 10 சதவீதம். விரையில் தொடங்கிய லிம்போமாவுக்குத் தனி எச்சரிக்கை வேண்டும்.

கணித்த பிறகு தடுப்பதுதான் கடினமாக இருக்கிறது. ஆபத்து கூடிய 2,300-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்த 2023-ஆம் ஆண்டு ஆய்வில், தடுப்பாக உயர் அளவு மெத்தோட்ரெக்சேட் பெற்றவர்களில் 8.4 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 9.1 சதவீதத்தினருக்கும் ஐந்தாண்டில் மூளையில் நோய் வந்தது. கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே எல்லோருக்கும் தடுப்பு மருந்து என்பதைவிட, ஆபத்து கூடியவர்களுக்குத் தொடக்கத்திலேயே எம்.ஆர்.ஐ. எடுத்து, தண்டுவட நீரைச் சோதித்து, அங்கே ஏற்கெனவே நோய் இருக்கிறதா என்று தேடுவதில் பொருள் இருக்கிறது. தேடிக் கண்டால் அவர் 71 சதவீதக் குழுவில் நிற்கிறார். கோட்டைவிட்டு ஆறு மாதம் கழித்துக் கண்டால் 40-க்கோ 14-க்கோ போய்விடுகிறார்.

சித்தூர்க் கணக்கு

இந்த எண்களை ஆந்திரத்தின் சித்தூர் வட்டாரத்தில் வைத்துப் பார்ப்போம். 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானது. திருப்பதியில் தேவஸ்தானத்தின் ஸ்விம்ஸ் மருத்துவமனை இருக்கிறது, டாட்டா அறக்கட்டளையின் ஸ்ரீ வெங்கடேஸ்வரா புற்றுநோய் நிறுவனம் 2022 மே முதல் இயங்குகிறது. சித்தூரில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் கிளை வளாகம் உண்டு. தெற்கே எல்லை தாண்டினால் 35 கிலோமீட்டர் அளவில் வேலூர். 1986-லேயே எலும்பு மஜ்ஜை மாற்றைத் தொடங்கிய சி.எம்.சி.யின் ரத்தவியல் துறை இப்போது ராணிப்பேட்டை வளாகத்தில் இருக்கிறது. ரிடுக்சிமாபின் உலகின் முதல் மலிவு மாற்றான ரெடிடக்ஸ், ஹைதராபாத் நிறுவனமான டாக்டர் ரெட்டீஸிடமிருந்து 2007-இல் வந்தது. மருந்தும் கைத்திறனும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

எட்டாமல் போவது நாட்கள். குப்பத்திலோ மதனப்பள்ளியிலோ இருந்து வருபவர் முதலில் கேட்க வேண்டியிருப்பது, ஆந்திர அரசின் காப்பீட்டு அட்டை எந்த மருத்துவமனையில், எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்பது. அதற்குள் ஸ்டீராய்டு ஊசியில் கட்டி சுருங்கி, ‘குணமாகிவிட்டது’ என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. மேட்ரிக்ஸ் மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று. நடுவில் வெள்ளையணு அடிமட்டத்துக்கு இறங்கும் நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் கண்டால் ஆன்டிபயாடிக் உடனடியாக நரம்பில் ஏற வேண்டும். அந்த ராத்திரியில் பெரிய மையத்தின் பெயரைவிடப் பக்கத்தில் இருக்கும் மருத்துவமனையே உயிர் காக்கும். சிகிச்சை ராணிப்பேட்டையில் என்றாலும், காய்ச்சல் கண்டால் எங்கே போவது என்று முதல் சுற்றுக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு நோய்க்கும் வேண்டிய முதல் நடவடிக்கை வேறு வேறு. மூளையில் கட்டி, உடம்பில் ஒன்றுமில்லை என்றால்: ஸ்டீராய்டுக்கு முன் பயாப்ஸி. உடம்பில் லிம்போமா, ஆபத்து மதிப்பெண் கூடுதல் என்றால்: முதல் கீமோவுக்கு முன் மூளையையும் தண்டுவட நீரையும் பார்த்துவிடுவது. இரண்டுமே மருந்து தொடும் முன் நோயைப் பிடிக்கும் முயற்சிதான். அவற்றுக்கு ஆகும் செலவு, பின்னால் வரும் எந்தச் சிகிச்சையோடு ஒப்பிட்டாலும் சொற்பம்.