ஏற்காட்டு மலையும் ஆங்கிலச் சொற்களின் வேர்களும்

சேலம் மாவட்டத்தில் உள்ள சேர்வராயன் மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். அதன் மேல், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. இங்கு இருநூறு ஆண்டுகளாகத் தமிழும் ஆங்கிலமும் அருகருகே வழங்கி வருகின்றன. ஆங்கிலம் முழுவதும் அயலாருடையது என்னும் அச்சம் தமிழ் மாணவர் பலரிடம் உண்டு. பொருள் அறியாமல் எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்த சொல், தேர்வு முடிந்ததும் மறந்துபோகிறது. பிறப்பு அறிந்து கற்ற சொல் மறப்பதில்லை. இதற்கு ஏற்காட்டில் வழங்கும் சொற்களே சான்றாகும்.

பெயர் மாறிய மலை

ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பது பெருவழக்கு. மலையின் உச்சியில் குகைக்கோயிலில் உறையும் சேர்வராயன், இங்கு வாழும் மலையாளி எனப்படும் பழங்குடி மக்களின் தெய்வம். ஆண்டுதோறும் மே மாதத்தில் அவருக்குத் திருவிழா நடைபெறுகிறது. அவர் பெயரே ஆங்கிலேயர் நாவில் 'ஷெவராய்' எனத் திரிந்தது. தூத்துக்குடி 'டூட்டிகோரின்' ஆனதும், தரங்கம்பாடி 'டிராங்க்குபார்' ஆனதும் இவ்வாறே. ஊர்ப்பெயர்கள் திரிந்தது போலவே பொருட்பெயர்களும் திரிந்து ஆங்கில அகராதிக்குள் புகுந்தன.

காப்பித் தோட்டத்துச் சொற்கள்

1820 முதல் 1829 வரை சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன், இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். அரபு மொழியின் 'கஹ்வா' துருக்கியில் 'கஹ்வே' ஆகி, டச்சு மொழியில் 'கோஃபி' ஆகி, ஆங்கிலத்தில் 'காஃபி' ஆயிற்று. தமிழர் அதனைக் காப்பி என்றனர்.

காப்பிச் செடிக்கு நிழல் தரும் மரம் சில்வர் ஓக். இது ஓக் இனத்தைச் சேர்ந்ததன்று, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. இதன் அறிவியல் பெயர் கிரெவில்லியா ரொபஸ்டா. 'ரொபஸ்டா' என்றால் வலிமை உடையது என்று பொருள். இலத்தீன் மொழியில் இச்சொல்லின் வேரான 'ரோபர்', ஓக் மரத்தையும் வலிமையையும் குறிக்கும். ரொபஸ்டா காப்பியின் பெயரும், திடமான என்னும் பொருளுடைய 'ரோபஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் பிறந்தவை. ஒரு வேரை அறிந்தால் மூன்று சொற்கள் நினைவில் நிற்கின்றன.

அம்மரத்தில் படரும் மிளகுக்கு ஆங்கிலத்தில் 'பெப்பர்' என்று பெயர். வடமொழியின் 'பிப்பலி' கிரேக்கம், இலத்தீன் வழியாக இவ்வாறு மாறியது. பிப்பலி என்பது மிளகு அன்று, திப்பிலி. பெயர் திப்பிலியிலிருந்து வந்து மிளகைக் குறிக்கலாயிற்று.

'ஆரஞ்சு' என்னும் சொல் வடமொழி 'நாரங்க', பாரசீக 'நாரங்', அரபு 'நாரஞ்சு' என்னும் வழியே ஐரோப்பா சென்று, முதலில் இருந்த நகரத்தை அங்கு இழந்தது. இதன் மூலம் தமிழ் நாரத்தையோடு உறவுடைய ஒரு திராவிடச் சொல் என்பது அறிஞர் பலரின் கருத்து.

கல்லில் உள்ள சொற்கள்

சில்வர் ஓக்கின் அறிவியல் பெயரில் உள்ள கிரெவில், ஆங்கிலேயரான சார்லஸ் பிரான்சிஸ் கிரெவில் ஆவார். ஆசியாவிலிருந்து கிடைத்த கொரண்டம் என்னும் கல்லைப் பற்றி 1798இல் கட்டுரை வெளியிட்டவரும் அவரே. 'கொரண்டம்' என்பது நம் குருந்தம்தான். சாணை பிடிக்க உதவும் குருந்தக்கல், பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததும் இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளதுமான சித்தம்பூண்டிப் பகுதியில் கிடைக்கிறது. மாணிக்கமும் நீலமும் இக்கனிமத்தின் வகைகளே. இன்று உலகெங்கும் கனிமவியல் நூல்களில் இத்தமிழ்ச் சொல்லே வழங்குகிறது.

சேர்வராயன் மலையின் பாறை சார்னோக்கைட்டு எனப்படும். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையால் ஆனது. ஆகவே 1893இல் டி.எச். ஹாலண்ட் என்னும் நிலவியலாளர் பாறைக்கு அவர் பெயரை இட்டார். இப்பாறை காலப்போக்கில் சிதைந்து உருவான பாக்சைட்டின் பெயர், பிரான்சு நாட்டின் லே போ என்னும் ஊரிலிருந்து வந்தது.

காசும் பகோடாவும்

ஏற்காட்டில் பகோடா பாயிண்ட் என்னும் காட்சிமுனை உள்ளது. கோபுரம் போன்ற கற்குவியல்களால் அப்பெயர் வந்தது என்பர். கோயிலைக் குறிக்கும் 'பகோடா' போர்த்துக்கீசியர் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தின்பண்டமான பக்கோடாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வராகன் என்ற பொற்காசையும் ஆங்கிலேயர் பகோடா என்றே அழைத்தனர். சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு பகோடா என்று கணக்கிட்டனர். பணம் 'ஃபனம்' என்றும், காசு 'கேஷ்' என்றும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. இத்தகைய சொற்களைத் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி 1886இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் இருவருள் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

ஒலி ஒப்புமை மட்டும் போதாது

ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' நம் காசிலிருந்து வந்ததாகப் பலர் கருதுவர். அது தவறு. அச்சொல் பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சிறு நாணயத்தைக் குறித்த பழைய 'கேஷ்' மட்டுமே தமிழ்க் காசு. ஒலி ஒன்று, பிறப்பு இரண்டு. அரிசியே 'ரைஸ்' ஆயிற்று என்பதும் முடிவு செய்யப்பட்ட ஒன்றன்று. ஆங்கிலச் சொல் கிரேக்க 'ஒரூசா'வரை செல்கிறது. அதற்கு முந்திய மூலம் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. கட்டுமரத்திலிருந்து 'கட்டமரன்', சுருட்டிலிருந்து 'செரூட்', மிளகுத்தண்ணீரிலிருந்து 'மல்லிகடானி' ஆகியவை வந்தன என்பதோ உறுதியானது.

மாணவர் புதிய சொல்லைக் காணும்போது அதன் பொருள், பிறப்பு, அன்றாடப் பயன்பாடு ஆகிய மூன்றையும் நல்ல அகராதியில் பார்த்து, அதனை அமைத்து ஒரு சொந்த வாக்கியம் எழுதிவைப்பது பயன் தரும். குருந்தமும் கட்டுமரமும் சென்று சேர்ந்த மொழியைக் கற்கத் தமிழ் மாணவர் அஞ்ச வேண்டியதில்லை.