பழைய பத்திரம், போட்டோவை ஸ்கேன் பண்றீங்களா? முதல்ல இந்த செட்டிங்ஸை கவனிங்க!

திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பர் 15-ல். அதற்கு முந்தைய பத்திரங்களில் மதுரை மாவட்டம் என்றுதான் இருக்கும். அப்படி ஒரு பத்திரமும், தாத்தாவின் ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் பல வீட்டு பீரோக்களில் மங்கிக்கொண்டிருக்கின்றன. ஸ்கேன் செய்யும்போது செட்டிங் தப்பினால், அதில் இருப்பது பாதிதான் கிடைக்கும்.

டிபிஐ எவ்வளவு வைக்கணும்?

ஒரு அங்குலத்தில் ஸ்கேனர் பதிவு செய்யும் புள்ளிகளின் எண்ணிக்கைதான் டிபிஐ. பத்திரம், கடிதத்துக்கு 300 போதும். எழுத்து பொடியாக இருந்தால் 400. போட்டோவுக்கு 600. 3.5 செ.மீ. அகலமுள்ள பாஸ்போர்ட் போட்டோவை 300-ல் எடுத்தால் அகலத்துக்கு 413 புள்ளிகள்தான் வரும். பெரிதாக்கி மாட்டினால் முகம் கலங்கிவிடும். 1200-ல் எடுத்தால் சுமார் 1,650 புள்ளிகள் கிடைக்கும்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் கலர் எதுக்கு?

'பிளாக் அண்ட் ஒயிட்' செட்டிங்கில் ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை, இரண்டில் ஒன்றாகிவிடும். மங்கிய மை, பென்சில் குறிப்பு, முத்திரை எல்லாம் காணாமல் போகலாம். கலரில் எடுத்தால் எது மை, எது பழுப்புக் கறை என்று பிரித்துப் பார்க்கலாம்.

எந்த ஃபைலில் சேமிப்பது?

மூலப் பிரதிக்கு டிஃப், பகிர்வதற்கு ஜேபெக். ஏ4 தாளை 300 டிபிஐ கலரில் எடுத்தால் டிஃப் ஃபைல் சுமார் 26 எம்பி வரும். 600-ல் அது நான்கு மடங்கு. தமிழக ஸ்டூடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் டிஜிட்டலாக்க உதவிய பிரிட்டிஷ் நூலகத் திட்டமும் டிஃப் ஃபைலைத்தான் கேட்கிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பலாம்.

இதையெல்லாம் செய்யாதீங்க

* நைந்த தாளைத் தானாகத் தாள் இழுக்கும் மெஷினில் விடக் கூடாது. கண்ணாடி மேல் விரித்து ஸ்கேன் செய்வதே பாதுகாப்பு.
* ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட போட்டோவைப் பிய்க்கக் கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே எடுக்கலாம்.
* போட்டோவின் பின்பக்கத்தை விடக் கூடாது. பெயர், தேதி, ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும்.
* ஸ்கேன் ஆயிடுச்சே என்று ஒரிஜினலைத் தூக்கிப் போடக் கூடாது. சொத்து விவகாரத்தில் மூலப் பத்திரத்தைத்தான் கேட்பார்கள்.

பெரிய ஃபைலை எப்போது வேண்டுமானாலும் சின்னதாக்கலாம். பதிவாகாத எழுத்தைப் பிறகு கொண்டுவர முடியாது.