கடைசி வாக்கின் விலை: கலிபோர்னியாவின் 2009 சிறப்புக் கூட்டத்தொடர்

பட்ஜெட் இழுபறி நீளும்போது சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டிக் கெடு வைத்தால் உறுப்பினர்கள் தாமே வழிக்கு வருவார்கள் என்றொரு நம்பிக்கை உண்டு. கலிபோர்னியாவின் 2008–09 அனுபவம் அதற்கு இடம் தரவில்லை. கெடு நெருங்க நெருங்க அங்கே ஏறியது கடைசி வாக்கின் விலைதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அங்குள்ள கவர்னர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். பட்ஜெட் தோற்றாலும் அவர் பதவி போகாது. தோற்கடித்தவர்கள் தேர்தலைச் சந்திக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நம் சட்டமன்றங்களில் அமைச்சரவைக்குள்ளேயே முடிந்துவிடும் பேரம் அங்கே அவைக்கு வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, 1933-இல் தொடங்கி 1962-இல் முழு வடிவம் பெற்ற ஒரு விதியின்படி பட்ஜெட்டுக்கே மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டியிருந்தது. வரி உயர்வுக்கும் அதே அளவு வாக்கு வேண்டும் என்று 1978-இல் வாக்காளர்கள் ஏற்ற 13-ஆம் முன்மொழிவு கட்டிவைத்திருந்தது.

2008 டிசம்பர் 1 அன்று கவர்னர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் நிதி நெருக்கடியை அறிவித்துச் சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டினார். பற்றாக்குறை 4,000 கோடி டாலரைத் தாண்டும் என்று மதிப்பிடப்பட்டது. 2004-இல் வாக்காளர்கள் ஏற்ற 58-ஆம் முன்மொழிவு இத்தகைய நிலைக்கு 45 நாள் கெடு வைக்கிறது; அதற்குள் தீர்வு காணாவிட்டால் அவை வேறு மசோதாக்களைத் தொடக்கூடாது. நாள்கள் ஓடின, கெடுவும் தாண்டியது, உடன்பாடு மட்டும் வரவில்லை. இடையில் ஜனநாயகக் கட்சியினர் வரியைக் ‘கட்டணம்’ என்று பெயர் மாற்றிச் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்றிப் பார்த்தார்கள். கவர்னர் ஒப்பமிட மறுத்தார்.

செனட்டில் தேவை 27 வாக்குகள். ஜனநாயகக் கட்சியிடம் இருந்தவை 24. பிப்ரவரி நடுவில் செனட் தலைவர் டாரல் ஸ்டைன்பெர்க், பல் துலக்கும் பிரஷ்ஷோடு வரும்படி உறுப்பினர்களிடம் சொல்லிவிட்டு அவையின் கதவுகளை அடைத்தார். இரவெல்லாம் உள்ளேயே கிடந்தார்கள். அந்த இரவுகளில் ஒன்றில், வரி உயர்வுக்கு உடன்பட்ட குடியரசுக் கட்சித் தலைவர் டேவ் காக்டிலை அவர் கட்சியினரே இறக்கிவிட்டு டென்னிஸ் ஹாலிங்ஸ்வொர்த்தைத் தலைவராக்கினர். அடைத்துப் போட்டால் மனம் மாறும் என்று நினைத்தார்கள், மாறியது தலைமை.

பிப்ரவரி 19 அன்று கடைசி வாக்கைத் தந்தவர் குடியரசுக் கட்சி செனட்டர் ஏபல் மால்டொனாடோ. அவர் கேட்டவற்றைக் கவனிக்க வேண்டும். கேலனுக்கு 12 சென்ட் பெட்ரோல் வரி உயர்வு கைவிடப்பட்டது. இது நிதி சார்ந்தது, சரி. கட்சி பேதமின்றி எல்லா வேட்பாளர்களையும் ஒரே முதற்கட்டத் தேர்தலில் நிறுத்தும் முறையை மக்கள் வாக்குக்கு விட வேண்டும் என்றும் கேட்டார். பற்றாக்குறைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? 2010 ஜூனில் அது 14-ஆம் முன்மொழிவாக நிறைவேறியது. சிறுபான்மைக்குக் கவசம் என்று சொல்லப்பட்ட மூன்றில் இரண்டு பங்கு விதி ஒற்றை மனிதரின் கையில் ஒரு மாநிலத்தின் தேர்தல் முறையையே மாற்றும் நெம்புகோல் ஆனது. அந்தச் சீர்திருத்தம் நல்லதா என்பது வேறு விவாதம்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய உடன்பாடு ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை. மே 19 வாக்கெடுப்பில் அதன் நிதி ஏற்பாடுகளை மக்கள் நிராகரித்தனர். பற்றாக்குறைக் காலத்தில் உறுப்பினர்களுக்குச் சம்பள உயர்வு கூடாது என்ற ஒன்று மட்டுமே தேறியது. ஜூலையில் அரசு காசோலைக்குப் பதிலாகக் கடன் சீட்டுகளை அனுப்பியது. வருமான வரியில் மீதிப் பணம் வர வேண்டியவர் உறையைப் பிரித்தால், 3.75% வட்டியோடு பிறகு தருகிறோம் என்ற தாள் இருந்தது. ஏறத்தாழ 260 கோடி டாலருக்கு இப்படித் தாள் போனது.

2010 நவம்பரில் 25-ஆம் முன்மொழிவு பட்ஜெட்டுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றாக்கியது. அதன்பின் பட்ஜெட்டுகள் பெரும்பாலும் உரிய நாளில் நிறைவேறின. இதை விதிமாற்றத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது; பொருளாதாரம் மீண்டதும் 2012-இன் வரி உயர்வும் கைகொடுத்தன. ஆனால் வரிக்கான மூன்றில் இரண்டு பங்கு விதி அப்படியே நின்றது. எனவே பேரம் ஒழியவில்லை, பட்ஜெட்டிலிருந்து வரிக்கு இடம் பெயர்ந்தது. 2017 ஏப்ரலில் பெட்ரோல் வரியைக் கேலனுக்கு 12 சென்ட் உயர்த்தும் மசோதா செனட்டில் சரியாக 27 வாக்குகளில் தேறியது. அதில் ஒன்று குடியரசுக் கட்சியின் அந்தோணி கானெல்லாவுடையது; அவருடைய பகுதியான மெர்செட்வரை ரயில் பாதையை நீட்டிக்க 40 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.