மாதிரி ராக்கெட்டுக்குள் நுழைந்த மின்னணுவியல்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் காலணிக் கடை நடத்திய ஆர்வில் கார்லைல் 1954இல் வடிவமைத்த மாதிரி ராக்கெட்டில் மின்னணுக் கருவி எதுவும் இல்லை. கருமருந்தின் சிறு வெடிப்பே பாராசூட்டை வெளியே தள்ளியது. மின்சாரம் முதலில் தரையில்தான் இடம்பிடித்தது: திரியைக் கையால் கொளுத்தாமல், சில மீட்டர் தள்ளி நின்று, மின்கலத்தால் மெல்லிய கம்பியைச் சூடாக்கித் தீமூட்டும் முறையைப் பாதுகாப்பு விதிகள் கட்டாயமாக்கின.

டிரான்சிஸ்டர் மலிவான பிறகு, 1970களின் தொடக்கத்தில், எஸ்டெஸ் நிறுவனம் 'டிரான்ஸ்ராக்' என்ற சிறிய வானொலி அலைபரப்பியை விற்றது. வெப்பநிலை போன்ற அளவீடுகளை ஒலிக்குறிப்பாக மாற்றித் தரைக்கு அனுப்பிய அக்கருவியை வெறும் விளையாட்டுப் பொருள் என ஒதுக்குவது பொருந்தாது.

பெரிய திருப்பம் நுண்செயலியோடும் சில்லு வடிவ அழுத்த உணரியோடும் வந்தது. தரைமட்டத்தை ஒட்டி ஏறத்தாழ 8 மீட்டர் உயரத்துக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் வீதம் காற்றழுத்தம் குறைவதால், ராக்கெட்டின் உடலில் இட்ட சிறு துளைவழியே அதை அளக்கும் உயரமானி, அழுத்தம் குறைவது நின்று மீண்டும் கூடத் தொடங்கும் கணத்தை உச்சமெனக் கொண்டு முதலில் சிறு பாராசூட்டையும், தாழ்ந்து வந்தபின் பெரிய பாராசூட்டையும் விரிக்கச் செய்கிறது. ஆயினும் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது எழும் அதிர்வலை அழுத்தத்தைத் திடீரெனக் கூட்டிக் கருவியை ஏமாற்றக்கூடும் என்பதால், அந்நேரத்தில் உணரியின் கணிப்பைப் புறக்கணிக்கும் நிரலையோ முடுக்கமானியையோ வடிவமைப்பாளர்கள் சேர்க்க வேண்டியதாயிற்று.