ரெஜினால்ட் ஃபெசெண்டன்

ரெஜினால்ட் ஆப்ரி ஃபெசெண்டன் (1866–1932), கம்பியில்லாத் தந்தி புள்ளிகளையும் கோடுகளையும் மட்டுமே சுமந்து சென்ற காலத்தில், மின்காந்த அலைகளின் மீது மனிதக் குரலை ஏற்றி அனுப்பிய வானொலி முன்னோடி ஆவார். இன்றைய கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிறந்த அவர், 1886இல் எடிசனிடம் பணிக்குச் சேர்ந்து, பின்னர் பர்டூ பல்கலைக்கழகத்திலும் பிட்ஸ்பர்கிலும் மின்பொறியியல் கற்பித்து, 1900இல் அமெரிக்க வானிலைத் துறைக்கு வந்தார்.

மார்க்கோனி முதலியோர் கையாண்ட தீப்பொறி அலைபரப்பியில் ஒவ்வொரு பொறியும் ஓர் அலையை எழுப்பிய கணமே அது தேய்ந்து மடிந்துவிடும். தந்திக் குறிகளுக்கு அது போதும், குரலின் நுண்ணிய ஏற்ற இறக்கங்களுக்குப் போதாது. 1900 டிசம்பர் 23 அன்று மேரிலாந்தின் கோப் தீவில், நொடிக்கு ஏறத்தாழ 10,000 பொறிகளை எழுப்பும் கருவியைக் கொண்டு, சுமார் 1.6 கிலோமீட்டர் தொலைவிலிருந்த உதவியாளரிடம் அங்கே பனி பெய்கிறதா என்று ஃபெசெண்டன் கேட்டார். கேள்வி புரிந்தது, ஆயினும் பொறிகளின் இரைச்சலும் கூடவே கேட்டது. இடையறாமல் ஒரே சீராக ஓடும் அலை, அதாவது தொடரலை, இருந்தால்தான் குரல் தெளிவடையும் என்ற கொள்கையை அவர் பின்னர் கைவிடவே இல்லை.

அலையை வாங்கும் முனையிலும் மாற்றம் தேவைப்பட்டது. அக்காலத்தில் வழங்கிய உலோகத்தூள் குழல், அலை வந்ததா இல்லையா என்பதை மட்டுமே காட்டியதால், மயிரினும் மெல்லிய பிளாட்டினக் கம்பியின் நுனி அமிலத்தில் தொட்டும் தொடாமலும் நிற்கும் உணர்வி ஒன்றை அவர் அமைத்தார். இருவேறு அதிர்வெண்களைக் கலந்து, அவற்றின் வேறுபாட்டைக் கேட்கத்தக்க ஒலியாக்கும் ஹெட்டரோடைன் முறையும் அவருடையதே. வெற்றிடக் குழல்கள் வரும்வரை அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது.

மாசச்சூசெட்ஸின் பிராண்ட் ராக்கில் ஏறத்தாழ 128 மீட்டர் உயரக் கோபுரம் எழுப்பி, 1906 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் மாக்ரிஹானிஷுடன் அட்லாண்டிக்கைக் கடந்து இருவழித் தந்தித் தொடர்பு நடத்தினார். ஆண்டு முடிவதற்குள், டிசம்பர் 5 அன்று, ஸ்காட்லாந்துக் கோபுரம் புயலில் சாய்ந்தது. அது மீண்டும் எழுப்பப்படவில்லை. எனினும் அதே மாதம் 21ஆம் நாள், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் அலெக்சாண்டர்சன் உருவாக்கிய உயர் அதிர்வெண் மின்னாக்கியைக் கொண்டு, தொடரலையில் குரலை அனுப்பிக் காட்டினார்.

தம் வானொலி முயற்சிகளுக்குப் பணம் போட்ட முதலீட்டாளர்களுடன் மூண்ட பூசலால் 1911இல் அவர்களோடு நடத்திவந்த நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்ட ஃபெசெண்டன், காப்புரிமை வழக்குகளிடையே கடலடி ஒலியியலுக்குத் திரும்பி, 1914இல் பனிப்பாறையில் மோதித் திரும்பும் எதிரொலியைக் கப்பலிலிருந்து கண்டறிந்து காட்டினார்.

1906 கிறிஸ்துமஸ் முன்னிரவில் அவர் வயலின் வாசித்துக் கப்பல்களுக்கு ஒலிபரப்பினார் என்பதே அவரைப் பற்றி மிகுதியும் வழங்கும் செய்தி. பெர்முடாவில் மறைவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1932இல் அவரே எழுதிய கடிதம்தான் அதற்கு முதன்மையான ஆதாரம். அந்த ஒலிபரப்பைக் கேட்டதாகக் கூறும் கப்பற்குறிப்பு எதுவும் அகப்படவில்லை.