தோற் கழலைகளை இனங்கண்ட வரலாறு

உடலின் உள்ளே தோன்றும் நோயைக் கண்டறிவதே கடினம், புறத்தே தோன்றும் நோயைக் கண்ணுடையார் எவரும் கண்டறியலாம் என்று எண்ணுவது மக்கள் இயல்பு. வயிற்றினுள் வளரும் கட்டியை எவரும் காணார். கன்னத்தில் எழும் கட்டியை எதிரில் வருவோர் எல்லாரும் காண்பர். ஆயினும் காண்பது வேறு, இன்னதென்று அறிவது வேறு. தோலிலே அரிதாகத் தோன்றும் ஒருவகைக் கழலைகளின் வரலாறு இவ்வேறுபாட்டை நன்கு விளக்குகின்றது. வியர்வைச் சுரப்பி, நெய்ச்சுரப்பி, மயிர்ப்புடைப்பு என்பன தோலின் துணையுறுப்புகள். இவற்றிலிருந்து பிறக்கும் கழலைகளுட் பெரும்பாலானவை தீங்கற்றவை, சில புற்றுநோய், வேறு சிலவோ, உடலின் உள்ளே புற்றுநோய் உண்டாகக்கூடும் என்று முன்னறிவிக்கும் தூதர் போன்றவை. இம்மூன்று வகையும் வெளிப்பார்வைக்குப் பலவேளை ஒரே தோற்றம் உடையன. தீங்கற்றதைக் கொடியதென்று கொண்டால் முகம் வீணே வெட்டுப்படும். கொடியதைத் தீங்கற்றதென்று கொண்டால் உயிருக்கே இடர் நேரும். இவற்றுக்குச் சரியான பெயரிட மருத்துவ அறிஞர் பட்ட பாடு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

கழலையை அறியுமுன் அது பிறக்கும் இடத்தை அறிதல் வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியரான மல்பீகி என்பார் தோலை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து ஆராய்ந்தார். மேற்றோலின் கீழ்ப்படை இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. எனினும், வியர்வைச் சுரப்பியின் வடிவம் தெளிவாக விவரிக்கப்பட்டது 1833ஆம் ஆண்டிலேயே ஆகும். அக்காலத்திற் பிரசிய நாட்டைச் சேர்ந்திருந்த பிரெஸ்லோ நகரத்துப் பேராசிரியர் பர்க்கின்யே அதனைச் செய்தவர். தோலின் ஆழத்திலே நூலுண்டை போலச் சுருண்டு கிடக்கும் ஒரு சுரப்பி. அதிலிருந்து மேல்நோக்கி எழுந்து, மேற்றோலைத் திருகித் துளைத்துக்கொண்டு வெளியே திறக்கும் ஒரு நுண்ணிய கான். இவ்வளவே அதன் அமைப்பு. மனிதன் ஒருவனின் தோலில் ஏறத்தாழ 20 இலட்சம் முதல் 40 இலட்சம் வரை இத்தகைய சுரப்பிகள் உள.

இவ்வறிவு பரவுமுன் வைத்தியர் கண்ணையே நம்பியிருந்தனர். 1842ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவ ஏடொன்றில் ஹென்றி அன்செல் என்பார், தலையிலும் முகத்திலும் பல கட்டிகள் எழுந்த நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். அத்தகைய கட்டிகள் அந்நோயாளியின் உறவினரிடத்தும் காணப்பட்டன என்பதையும் அவர் குறித்து வைத்தார். கட்டிகள் எதிலிருந்து தோன்றின என்று சொல்ல அவருக்குக் கருவி இல்லை. ஆயினும் கண்டதைக் கண்டபடி எழுதி வைத்தமையால், பின்வந்தோருக்கு அக்குறிப்பு பெரிதும் பயன்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இழையங்களை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமூட்டிப் பார்க்கும் முறை வளர்ந்தது. இனி ஐயம் நீங்கும் என்று பலர் எதிர்பார்த்தனர். உண்மையில் புதியதோர் ஐயம் பிறந்தது. வியன்னா நகரின் புகழ்பெற்ற தோல்நோய் வல்லுநர் மோரிஸ் கப்போசி, 1872ஆம் ஆண்டில், உடலிற் சிறு சிறு முடிச்சுகளாகப் பலவாய்த் தோன்றும் ஒரு நோயை விவரித்தார். சீவலில் நுண்ணிய வளையங்களும் குழாய்களும் தென்பட்டன. அவை நிணநீர்க் குழாய்கள் என்று கருதி, அதற்கேற்ப நோய்க்குப் பெயரிட்டார். பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 1887ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து வைத்தியர்களாகிய ஜாக்கே, தாரியே என்னும் இருவர் இத்தகைய முடிச்சுகளை ஆராய்ந்து, அக்குழாய்கள் வியர்வைச் சுரப்பியைச் சார்ந்தவை என்ற கருத்தை வெளியிட்டனர். இன்று சிரிங்கோமா என வழங்கும் தீங்கற்ற கழலை இதுவே. கப்போசியின் கட்டுரையை அதன் முதல் விவரணமாகப் பிற்கால ஆசிரியர் கொள்வர். பெண்களின் கீழிமைகளில் அரிசிமணி அளவினும் சிறிய புள்ளிகளாக இது பெரும்பாலும் தோன்றும்.

கப்போசி போன்ற பேரறிஞர் ஏன் பிழைபட்டார்? பப்பாசி இலையின் காம்பையும் ஆமணக்கு இலையின் காம்பையும் குறுக்கே மெல்லியதாக அரிந்து ஒரு தட்டில் வைத்தால், இரண்டும் வளையங்களாகவே தோன்றும். எது எந்த மரத்தது என்று வளையத்தைக் கொண்டு மட்டும் கூறுதல் அரிது. நிணநீர்க் குழாயும் வியர்வைக் கானும் சீவலிற் காட்சியளிப்பது அவ்வாறே. வளையத்தின் சுவரை ஆக்கும் கலங்கள் எத்தகையன, அவை எத்தனை வரிசையில் உள்ளன, குழாய் எங்கிருந்து தொடங்கி எங்கே செல்கின்றது என்பனவற்றைப் பொறுமையோடு தொடர்ந்து பார்த்தாலன்றி உண்மை புலப்படாது.

இத்தகைய பிழை கப்போசி ஒருவரோடு நின்றதன்று. பிரான்சின் நாந்து நகரத்தைச் சேர்ந்த மலெர்பு என்பார், செனந்தே என்பாருடன் சேர்ந்து, 1880ஆம் ஆண்டிற் கல்லைப் போலக் கடினமான ஒரு தோற்கட்டியை விவரித்தார். சிறுவரின் முகத்திலும் கழுத்திலும் பெரும்பாலும் தோன்றும் அக்கட்டி, நெய்ச்சுரப்பியிற் பிறந்து சுண்ணாம்பேறியது என்பது அவர் கருத்து. 1961ஆம் ஆண்டிலே அமெரிக்க ஆராய்ச்சியாளரான போர்பிஸ், ஹெல்விக் என்னும் இருவர் பல கட்டிகளை ஒப்பிட்டு ஆராய்ந்து, அது நெய்ச்சுரப்பியைச் சார்ந்ததன்று, மயிரை உண்டாக்கும் அடிக்கலங்களிற் பிறந்தது என்று நிறுவி, பைலோமற்றிக்சோமா என்று புதுப்பெயர் சூட்டினர். ஒரு பெயர் திருந்துவதற்கு 81 ஆண்டுகள் சென்றன. வியன்னாவில் ஸ்பீக்ளர் என்பார் 1899ஆம் ஆண்டில் தலைத்தோலிற் கொத்துக்கொத்தாக எழும் கட்டிகளை விவரித்தபோது, அவை குழாய்களின் உட்சுவரிற் பிறந்தன எனக் கருதினார். அவையும் தோலின் துணையுறுப்புக் கழலைகளே எனப் பின்னர் தெளிவாயிற்று.

சுரப்பிகள் பற்றிய அறிவு வளர வளரக் கழலைகளின் வகையும் பெருகிற்று. யேர்மானிய உடற்கூற்றறிஞர் சீபெர்டெக்கர் 1922ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், உடலெங்கும் பரந்து நீர்த்த வியர்வையைச் சுரக்கும் எக்கிரைன் சுரப்பிகளையும், அக்குள் முதலிய சில இடங்களில் மயிர்ப்புடைப்போடு சேர்ந்திருக்கும் அப்போகிரைன் சுரப்பிகளையும் வேறுபடுத்திக் காட்டினார். அதன்பின், ஒரு கழலையைக் கண்டால் அது இவ்விரண்டில் எதனைச் சார்ந்தது என்று வினவுவது வழக்கமாயிற்று. 1956ஆம் ஆண்டில் ஹேர்மன் பின்கஸ் என்பாரும் அவருடைய துணைவர் இருவரும், வியர்வைக் கான் மேற்றோலைத் துளைத்துச் செல்லும் அச்சிறு பகுதியிலிருந்தே ஒரு கழலை பிறக்கக்கூடும் என்று காட்டி, அதற்கு எக்கிரைன் போரோமா என்று பெயரிட்டனர். உள்ளங்காலில் அடிக்கடி தோன்றும் இக்கழலை எக்கிரைன் வகையையே சாரும் என நெடுங்காலம் நம்பப்பட்டது. அப்போகிரைன் வகையைச் சாரும் போரோமாக்களும் உள என்பது பின்னர் அறியப்பட்டது. அதன் கலங்கள் பலவற்றில் இரு பரம்பரையலகுகள் முறிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை 2019ஆம் ஆண்டு ஆராய்ச்சி வெளிப்படுத்திற்று.

இதற்கிடையே புதிய துணைக்கருவிகளும் கிடைத்தன. அமெரிக்கரான கூன்ஸ் என்பார் 1941ஆம் ஆண்டில், ஒளிரும் சாயத்தைப் பிறபொருளெதிரியோடு பிணைத்து, தேடும் பொருளைச் சீவலிலே ஒளிரச் செய்யும் வழியைக் காட்டினார். 1975ஆம் ஆண்டில் கோலர், மில்ஸ்ரீன் என்னும் இருவர் ஒரேவகைப் பிறபொருளெதிரியை வேண்டிய அளவு ஆக்கும் முறையைக் கண்டனர். இவற்றின் பயனாக, ஒரு கலத்திலுள்ள புரதம் இன்னதென்று சாயத்தின் வாயிலாக அறிய இயன்றது. மார்பிலோ வேறோர் உறுப்பிலோ உண்டான புற்றுநோய் தோலுக்குப் பரவினால், அது வியர்வைச் சுரப்பிப் புற்றுநோயைப் போலவே தோன்றலாம். சிகிச்சையோ இரண்டுக்கும் வெவ்வேறு. இவ்விடத்திற் சாயமுறைகள் பெருந்துணை புரிகின்றன. ஆனால் எந்தச் சாயமும் தனித்து நின்று தீர்ப்புக் கூறுவதில்லை. கழலையின் வடிவம், நோயாளியின் வரலாறு, முழு உடற் பரிசோதனை ஆகியவற்றோடு சேர்த்தே அதன் சான்றைக் கொள்ளல் வேண்டும்.

இவ்வரலாற்றிற் பெரிதும் அஞ்சத்தக்க பாடத்தைப் புகட்டியது 1982ஆம் ஆண்டில் வெளியான ஒரு கட்டுரை. கோல்ட்ஸ்ரீன், பார், சன்ரா குரூஸ் என்னும் மூவர், முகத்திலே, சிறப்பாக மேலுதட்டை அண்டித் தோன்றும் ஒரு புற்றுநோயைத் தனிவகையாகப் பிரித்து விவரித்தனர். அது மெல்ல மெல்ல வளரும். பல ஆண்டுகள் ஒரு சிறு தடிப்பாகவே இருக்கும். வலியும் பெரிதாக இராது. சிலருக்கு அவ்விடத்தில் உணர்ச்சி மரத்திருக்கும். அதன் மேற்பகுதியை மட்டும் சீவியெடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தால், கப்போசி காலத்திலிருந்து அறியப்பட்ட அதே சிறு கான்களும் வளையங்களும் தோன்றும். பார்ப்பவர் அதனைத் தீங்கற்ற சிரிங்கோமா என்றோ மயிர்ப்புடைப்புக் கழலை என்றோ எழுதிவிடலாம். கீழேயோ அது கொழுப்பையும் தசையையும் ஊடுருவி, நரம்புகளைச் சுற்றிப் படர்ந்து கொண்டிருக்கும்.

வயலிற் கோரைப்புல்லைக் களைந்த உழவர் இதனை எளிதில் உணர்வர். மேலே தெரியும் தாளைப் பிடுங்கி எறிந்தால் நிலம் துப்புரவானது போலத் தோன்றும். கிழங்கோ மண்ணுள் இருக்கும். சில நாளில் மீண்டும் முளைக்கும். இப்புற்றுநோயும் அத்தகையது. ஆதலால், ஐயத்துக்குரிய கழலையிலிருந்து பரிசோதனைக்கு எடுக்கும் துண்டு, கொழுப்புப்படை வரை எட்டும் ஆழமுடையதாக இருத்தல் வேண்டும். அகற்றும்போதும், அமெரிக்க சத்திர வைத்தியர் மோஸ் 1941ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையின் வழிவந்த சிகிச்சை பெரிதும் உதவுகின்றது. படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் விளிம்பை நுணுக்குக்காட்டியிற் சோதித்து, நோய்க்கலம் எஞ்சாத வரை தொடர்வதே அம்முறை. கழலையின் ஓரம் கண்ணுக்குத் தெரியாதபோது, கண்ணை நம்பி வெட்டாதிருப்பதே அதன் அடிப்படை.

தோற்கழலை உள்நோயைக் காட்டும் என்பதும் அண்மைக்கால அறிவே. 1967ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த மியூர் என்பாரும் துணைவரும், முகத்திற் பல கழலைகளும் உடலினுட் பல புற்றுநோய்களும் கொண்ட நோயாளி ஒருவரை விவரித்தனர். அடுத்த ஆண்டில் அமெரிக்கரான ரொறே என்பார், நெய்ச்சுரப்பிக் கழலைகளோடு உட்புற்றுநோய்களும் சேர்ந்திருந்த மற்றொருவரைப் பற்றி எழுதினார். இவ்விணைப்பின் காரணம் 1993, 1994ஆம் ஆண்டுகளிற் கண்டறியப்பட்ட பரம்பரையலகுகளால் விளங்கிற்று. கலம் பிரியும்போது தன் மரபுச் செய்தியைப் படியெடுக்கின்றது. படியிற் பிழை நேர்ந்தால், அச்சகத்திலே பிழைதிருத்துவோரைப் போல அதனைத் திருத்தும் புரதங்கள் உள. அவற்றுள் ஒன்றை ஆக்கும் பரம்பரையலகு பிறவியிலேயே பழுதுபட்டவர்களுக்குப் பெருங்குடல், கருப்பை முதலியவற்றிற் புற்றுநோய் உண்டாகும் வாய்ப்பு மிகுதி. அவர்களுட் சிலருக்கே நெய்ச்சுரப்பிக் கழலைகளும் தோன்றுகின்றன. நெய்ச்சுரப்பிக் கழலை உடையார் எல்லாருக்கும் இப்பழுது இருப்பதில்லை. ஆயினும் அக்கழலையைச் சாயமூட்டிப் பார்த்து, அப்புரதம் இல்லையெனக் கண்டால், குடலைச் சோதிக்கவும் உறவினரை எச்சரிக்கவும் காலம் வாய்க்கின்றது. முகத்திலிருந்து அகற்றிய கடுகளவு கழலையின் பெயர், ஒரு குடும்பத்தின் உயிரைக் காக்கக்கூடும்.

அன்செல் குறித்துவைத்த குடும்பத் தொடர்பும் காலத்தால் விளக்கம் பெற்றது. மஞ்செஸ்ரரில் புரூக் என்பார் 1892ஆம் ஆண்டில் விவரித்த முகக்கட்டிகளும், ஸ்பீக்ளர் விவரித்த தலைக்கட்டிகளும் ஒரே பரம்பரை நோயின் இரு தோற்றங்களாக அமையலாம் என்பது தெளிவாயிற்று. 16ஆம் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரையலகின் பழுதே அத்தகைய நோய்க்குக் காரணம் என்று 2000ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பிழைபட்டோர் அனைவரும் அறிவிற் சிறந்தோரே என்பது புலனாகும். அவர்கள் பார்த்தவை யாவும் உண்மையாக அங்கே இருந்தன. வளையம் இருந்தது, சுண்ணாம்பு இருந்தது, குழாய் இருந்தது. குறைபட்டது பார்வையின் ஆழமேயாகும். எனவே, தோலில் எழுந்த ஒரு தடிப்பு நெடுநாள் மாறாதிருப்பினும், மெல்லப் பெருகினும், அகற்றிய இடத்திலேயே மீண்டும் தோன்றினும், அதனைச் சிறிதென்று புறக்கணியாது வைத்தியரிடம் காட்டுதல் நோயாளியின் கடன். போதிய ஆழத்துக்கு எடுத்துப் பார்த்து, ஐயமுளதாயின் ஐயமென்றே கூறி, மீண்டும் ஆராய்தல் வைத்தியரின் கடன். இவ்விரு கடன்களும் ஒருங்கு நிறைவேறும்போதே, நூற்றைம்பது ஆண்டுகளாகத் திரட்டிய அறிவு ஒரு மனிதருக்குப் பயன்படுகின்றது.