கல் எடுக்க அரசனின் அனுமதி

சுசுருத சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதியில் ஏழாவது அத்தியாயம் சிறுநீர்ப்பைக் கல்லைப் பற்றியது. நெய், கஷாயம், காரம் எல்லாம் கொடுத்துப் பார்த்து, எதற்கும் அடங்காவிட்டால்தான் கத்தி என்கிறது. அதுவும் கைதேர்ந்த வைத்தியனுக்கே வெற்றி நிச்சயமில்லாத வேலை. அறுக்காமல் விட்டால் சாவு உறுதி என்ற கட்டத்தில், அரசனிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு செய்ய வேண்டும்.

தென்மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரிகளில் சிறுநீரகவியல் மருத்துவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். “கன்சென்ட் ஃபார்ம் அப்பவே இருந்திருக்கு சார்” என்பான் ஒருவன். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் ஆண்பிள்ளைகள் இடுப்புக்குக் கீழே வரும் வலியைக் கடைசி நிமிடம் வரை ஏன் மறைக்கிறார்கள் என்பதற்கு ஒரு பழைய காரணமும் அதில் இருக்கிறது. ஒரு காலத்தில் தள்ளிப்போடுவதுதான் புத்திசாலித்தனமாக இருந்தது.

அறுத்த விதத்தைக் கேளுங்கள். பயப்படாத, பலசாலியான ஒருவன் மடியில் நோயாளியைச் சாய்த்து, கால்களை மடக்கித் துணியால் கட்டுவார்கள். வைத்தியன் எண்ணெய் தடவிய இடது கை விரல் இரண்டை ஆசனவாய் வழியே விட்டு, கல்லைத் தேடிப் பிடித்து, வெளியே புடைக்கும்படி கீழ்நோக்கித் தள்ளுவான். விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே ஓடும் தையல் போன்ற கோட்டுக்கு இடப்பக்கம், ஒரு யவ தானிய அளவு தள்ளிக் கீறல். பிறகு கொக்கியால் கல்லை எடுக்க வேண்டும். தூள்கூட உள்ளே தங்கக்கூடாது, தங்கினால் மறுபடி வளரும் என்கிறது நூல். இன்றைக்கும் நாங்கள் மாணவர்களுக்குச் சொல்வது அதுதான். ரோமாபுரியில் முதலாம் நூற்றாண்டில் செல்சஸ் எழுதிவைத்த முறையும் ஏறக்குறைய இதுவே. அவர் 9 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட பையன்களுக்கு மட்டும், வசந்த காலத்தில் மட்டும் என்று வரம்பு போட்டார். மயக்க மருந்து கிடையாது. ஈதர் வந்தது 1846-ல்.

ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் உறுதிமொழியில், கல்லுக்காகக் கத்தி எடுக்க மாட்டேன், அதைத் தொழிலாகச் செய்பவர்களிடம் விட்டுவிடுவேன் என்று ஒரு வரி உண்டு. படித்த வைத்தியர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஒதுங்கிய இடத்தில் ஒரு தொழில் முளைத்தது. ஐரோப்பாவில் கல்லறுப்பவர்கள் ஊர் ஊராகப் போனார்கள். பிரான்சில் கொலோ என்ற குடும்பம் தன் முறையை ரகசியமாக வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தது. துறவி உடையில் திரிந்த சகோதரர் ஜாக் என்பவர் 1697-ல் பாரிஸுக்கு வந்தபோது கூட்டம் அலைமோதியது. அவர் கையில் செத்தவர்களை அறுத்துப் பார்த்த பிறகுதான், கத்தி எங்கெங்கே போயிருக்கிறது என்று பிற வைத்தியர்களுக்குத் தெரிந்தது. ஊர் ஊராகப் போகும் தொழிலில் இது ஒரு வசதி: காய்ச்சல் வந்து ஆள் சாகும்போது அறுத்தவன் அடுத்த ஊரில் இருப்பான்.

ஆம்ஸ்டர்டாமில் யான் டி டோட் என்ற கொல்லன் கல்லறுப்பவர்கள் எவரையும் நம்பவில்லை. 1651-ல் தன் உலையில் தானே கத்தி அடித்து, மனைவியை மீன் வாங்க அனுப்பிவிட்டு, தன்னைத் தானே அறுத்துக்கொண்டான். வந்த கல் கோழி முட்டையைவிடப் பெரியது. அதைக் கையில் பிடித்தபடி அவன் நிற்கும் ஓவியம் லைடன் நகரத்தில் இருக்கிறது.

லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்ற அரசாங்க குமாஸ்தா 1658 மார்ச் 26 அன்று, 25 வயதில், உறவினர் வீட்டில் கத்திக்குப் படுத்தார். பின்னாளில் நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற அதே பீப்ஸ்தான். பிழைத்தார். ஆண்டுதோறும் அந்த நாளில் விருந்து வைத்துக் கொண்டாடத் தீர்மானித்தார். கல்லை வைக்க 25 ஷில்லிங் கொடுத்து ஒரு பெட்டி செய்துகொண்டார். நம்மூரில் ஆபரேஷன் முடிந்ததும் கல்லை மருந்துச் சீட்டில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு பீப்ஸ் ஞாபகம் வரும். அவர் 1703-ல் இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தார்கள். இடது சிறுநீரகத்தில் ஏழு கற்கள் இருந்தன. ஒருமுறை கல் வந்தவருக்கு மறுமுறையும் வரலாம் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி என்னிடம் இல்லை.

பயத்தைப் பற்றிச் சொல்வதென்றால் மரேன் மரேயைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு அரசவை இசைக்கலைஞர். இந்தக் கல்லறுவையையே ஒரு வாத்தியப் படைப்பாக்கி 1725-ல் அச்சிட்டார். மேடையைப் பார்த்து நடுங்குவது, ஏறுவது, கயிறால் கட்டப்படுவது, கல்லை இழுப்பது, ரத்தம் ஓடுவது என்று ஸ்வரங்களுக்கு நடுவே குறிப்பு எழுதியிருக்கிறார். பயம் அவ்வளவு பொதுவாக இருந்திருக்கிறது, கேட்டவர்களுக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது. லண்டனில் செசல்டன் என்ற சர்ஜன் ஒரு நிமிடத்துக்குள் கல்லை எடுப்பார். அவரிடம் போன 213 பேரில் 20 பேர் இறந்தார்கள். அந்தக் காலத்துக்கு அது மகத்தான கணக்கு. அடிக்கடி நீர் பிரிகிறது, கடுக்கிறது என்று முதல் மாதமே அவரிடம் ஓடுவீர்களா? நானும் ஓடியிருக்க மாட்டேன்.

இந்தக் கதையில் நம் பக்கம் கொஞ்சம் ஒட்டியவர் கிளோட் மார்ட்டின். பிரான்சின் லியோன் நகரத்துக்காரர், பிரெஞ்சுச் சிப்பாயாகப் புதுச்சேரிக்கு வந்தவர். 1760-ல் பிரெஞ்சுக்காரர்களை விட்டு ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்துகொண்டார். பிறகு லக்னோவில் பெரும் பணம் சேர்த்தார். லா மார்ட்டினியர் பள்ளிகள் அவர் விட்டுப்போன சொத்தில் வந்தவை. அவருக்கும் சிறுநீர்ப்பையில் கல் வந்தது. 1782-ல் ஒரு மெல்லிய கம்பியின் முனையை அரம்போல ஆக்கி, சிறுநீர்த் துவாரம் வழியே உள்ளே விட்டுக் கல்லை ராவ ஆரம்பித்தார். பையை வெதுவெதுப்பான நீரால் நிரப்பிக்கொண்டு, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை வரை, மாதக் கணக்கில் ராவினார். தூள் சிறுநீரோடு வந்தது, கல் தீர்ந்தது. யாரும் இதைச் செய்யக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனால் உடலைக் கிழிக்காமல், இயற்கையான வழியிலேயே போய்க் கல்லைப் பொடிக்கலாம் என்ற எண்ணம் சரியானது.

அதே எண்ணத்தை 1824-ல் பாரிஸின் நெக்கர் ஆஸ்பத்திரியில் ஜான் சிவியால் முறையான சிகிச்சையாக்கினார். அத்தோடு நிற்காமல் கணக்கும் எடுத்தார். கத்தி வைத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 19 பேர் செத்தார்கள், உள்ளேயே பொடித்தவர்களில் நூற்றுக்கு 2 பேர். கல்லறுக்கும் தொழிலுக்கு அதோடு முடிவு தொடங்கியது. 1980 பிப்ரவரியில் ம்யூனிக் நகரில், டோர்னியர் விமானக் கம்பெனி செய்த இயந்திரத்தால், உடலில் ஒரு கீறலும் இல்லாமல் வெளியிலிருந்து அதிர்வலை அனுப்பிச் சிறுநீரகக் கல்லை உடைத்தார்கள். இன்று லேசர். பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல்லென்றால் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும், எங்களுக்கு வேலையே இல்லை.

கத்தி போய்விட்டது, பயம் போகவில்லை. இப்போது அதற்குப் பெயர் கூச்சம், சூடு. “ஒண்ணுமில்ல சார், சூட்டு வலி” என்றபடி உள்ளே வருவார்கள். மனைவி வெளியே போகும்வரை மிச்சத்தைச் சொல்ல மாட்டார்கள். கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம், சிறுபீளை எல்லாம் முடிந்திருக்கும். இவற்றை நான் கேலி செய்யமாட்டேன். இதற்காகச் செலவாகும் நாட்கள்தான் என் கவலை.

விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கும் விதைக்கும் இறங்குகிற வலி, உட்காரவும் விடாது படுக்கவும் விடாது. இது பெரும்பாலும் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் கல்தான். அன்றே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. அதோடு குளிர் காய்ச்சலும் சேர்ந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் பிடித்தால் சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்க விஷமாகும், நல்ல வாட்டசாட்டமான ஆட்களே அதில் போயிருக்கிறார்கள். சிறுநீர் அடியோடு நின்று அடிவயிறு வீங்கினாலும் அப்படித்தான், அன்றே குழாய் போட்டாக வேண்டும். வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்து தானாக நின்றுபோனால் மட்டும் யாரும் வருவதில்லை. புற்றுநோய் அப்படியும் காட்டும், ஒரே ஒரு முறை வந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இவையெல்லாவற்றையும்விட அவசரமானது பையன்களுக்கு வருவது. விதை தன் நரம்புக்கொடியில் முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். பன்னிரண்டு, பதினைந்து வயதுப் பையன் தூக்கத்திலிருந்து எழுந்து, வாந்தி எடுத்து, “வயிறு வலிக்குது” என்பான். கீழே வலிக்கிறது என்று அம்மாவிடம் சொல்ல வெட்கம். முறுக்கை ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் விதையைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். ஒரு நாள் கடந்தால் அநேகமாக எடுத்துவிட வேண்டியதுதான். ஆகவே பையன் வயிற்றைப் பிடித்துச் சுருண்டு படுத்தால், அப்பாவோ மாமாவோ கதவைச் சாத்திவிட்டு நேராகவே கேளுங்கள். ஆமாம் என்றால் இரவு இரண்டு மணியானாலும் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.